குற்றாலலிங்கத்தின் தோளும் ஒரு பொன்னாடையும்

திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கும் இரண்டு தோள்கள் இருக்கின்றன, வயதும் ஏறிக்கொண்டு போகிறது, நாளைக்கு எங்கே போய்ப் படுக்க நேருமோ யார் கண்டது. அடையாளம் மட்டும் சொல்கிறேன். வாசலில் எப்போதும் ஒரு வரவேற்பு வளைவு நிற்கும். எந்த மாதம் போனாலும் நிற்கும். உள்ளே ஏதாவது ஒரு வாரம் கொண்டாடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

கரமனை குற்றாலலிங்கம் அங்கே போனது கொண்டாட அல்ல. தலை சீவ.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். குற்றாலலிங்கம் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். சொத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தலைமயிர் மட்டும் உண்டு. அறுபத்தெட்டு வயதிலும் அடர்த்தி குறையாத தலை. கல்லூரி நாளிலிருந்து இடது வகிடு, முன்னால் மயிரைச் சுருட்டிவிட்ட ஒரு சின்னக் குருவிக்கூடு. கரமனையில் அவரை முகத்தை வைத்து அடையாளம் கண்டவர்களைவிடக் குருவிக்கூட்டை வைத்து அடையாளம் கண்டவர்கள் அதிகம்.

வலது தோள் மூட்டு தேய்ந்ததும் கை நெஞ்சுக்கு மேலே ஏற மறுத்துவிட்டது. இடது கையால் சீவிப் பார்த்தார். வகிடு பொன்முடி மலைச் சாலை மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. கடைசியில் சீப்பு மனைவி பிச்சம்மாள் கைக்குப் போனது. பிச்சம்மாள் நாகர்கோவில் பக்கத்துக்காரி, எதையும் சமமாகப் பங்கு வைத்துப் பழகியவள். எண்ணெயைப் படிய வைத்து நடு வகிடு எடுத்துவிட்டாள். இரண்டு வருஷம் அந்த மனிதர் நடு வகிட்டோடு நடமாடினார். கிழக்கேகோட்டை பஸ்ஸில் பழைய சிநேகிதர் ஒருவர் அவரையே பார்த்து, குற்றாலலிங்கத்துக்குத் தம்பி உண்டா என்று விசாரித்தார். அன்றைக்கே அவர் தோளை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

எலும்பு டாக்டர் வினீத் ஸ்ரீவராகத்துப் பையன், கெட்டிக்காரன். படமெல்லாம் பார்த்துவிட்டு உட்கார வைத்துப் பேசினான்.

"புது மூட்டு வைக்கிறது பாதி வேலைதான் சார். கிருமி உள்ள போகாமப் பாத்துக்கறதுதான் மீதிப் பாதி. அக்குள் பக்கத்துத் தோல்ல ஒரு கிருமி உண்டு. வெளியில இருக்கிற வரைக்கும் அது பாவம். உள்ள போச்சுன்னா வாடகைக்கு வந்தவன் பட்டா கேட்ட கதைதான். மாசக்கணக்கில சத்தம் போடாம இருந்துட்டு, கடைசியில வச்சதையெல்லாம் கழட்டி எடுக்க வச்சுடும்."

"எடுத்தா, வகிடு?" என்றார் குற்றாலலிங்கம்.

டாக்டர் பலவிதமான நோயாளிகளைப் பார்த்தவன். ஒரு நிமிஷம் யோசித்து, "நடு வகிடுதான்" என்றான்.

அதன் பிறகு டாக்டர் சொன்னதையெல்லாம் பிச்சம்மாள் பாராயணம் செய்துகொண்டாள். பக்கத்தில் வருகிறவர்கள் கை கழுவிவிட்டு வர வேண்டும். ஆபரேஷன் கட்டை யாரும் தொடக் கூடாது. பார்வையாளர் கூட்டம் கூடாது. தோள் சிவந்தாலோ, கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே சொல்ல வேண்டும். இதில் புரியாதது எதுவுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அப்போது கமிட்டியைப் பார்த்திருக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஸ்நேகா கொடுத்த மருந்துத் திரவத்தைத் தேய்த்துக் குளித்தார். சவரக்கத்தியை அக்குள் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்றாள், கொண்டுபோகவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கையை நெஞ்சோடு சேர்த்துப் பட்டையில் தொங்கவிட்டு, தோளில் வெள்ளைக் கட்டுப் போட்டு, அறையில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.

அதே திங்கட்கிழமை காலையில்தான் ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்பு வாரமும் தொடங்கியது.

தொற்றைத் தடுக்க ஒரு கமிட்டி இருந்தது. அதன் தலைவர் ஆஸ்பத்திரி சூப்பிரண்டு டாக்டர் வேலப்பன், நெய்யாற்றின்கரைக்காரர். மேடையில் மலையாளம், நம் ஆட்களிடம் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். கமிட்டி, மாதிரி அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொதுமக்களுக்குக் காட்டுவதாகத் தீர்மானம் போட்டிருந்தது. புதுத் தோள் என்றால் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே தடுத்துக் காட்டினால்தான் பெருமை. குற்றாலலிங்கத்தின் அறை தேர்வாயிற்று. மயக்கம் முழுதாகத் தெளியாத மனிதர் கண்ணைத் திறந்தபோது கட்டிலைச் சுற்றிப் பாதி ஆஸ்பத்திரி நின்றுகொண்டிருந்தது. தான் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

டாக்டர் வேலப்பன் கட்டிலின் தலைமாட்டில் நின்று உரையாற்றினார்.

"நம்ம ஆசுபத்திரியில கிருமிக்கு இடமே இல்ல கேட்டோ. இருக்கிற இடம் கமிட்டிக்கே பத்தல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய கைகள் எவையும் கழுவப்பட்டவை அல்ல. அதற்குக் காரணம் இருந்தது. அறையின் மூலையில் புதிதாக ஒரு கை கழுவும் தொட்டி வைத்திருந்தார்கள். முழங்கையால் தட்டினால் தண்ணீர் வரும் உயர்ந்த ரகம். அதன் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பிச்சம்மாள் கை கழுவப் போனபோது ஸ்நேகா ஓடிவந்து தடுத்தாள்.

"அம்மே, பைப் உண்டு, வெள்ளமும் உண்டு. உத்காடனம் கழிஞ்ஞில்லா."

தொட்டிக்குத் திறப்பு விழா இன்னும் ஆகவில்லையாம். திறந்து வைக்க வேண்டிய முன்னாள் கவுன்சிலர் வெள்ளிக்கிழமைதான் வருகிறார். அதுவரை அந்த அறையில் யாரும் கை கழுவக் கூடாது. சுவரில் கை தேய்க்கும் மருந்துப் புட்டி ஒன்றும் இருந்தது. வாரத்தின் தொடக்கமாக அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சாமியை யாராவது அமுக்குவார்களா. ஸ்நேகாவும் வினீத்தும் மட்டும் தாழ்வாரத்தின் மறுகோடி வரை நடந்து, கழுவி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். வேலையை விட்டுவிட்டு உலாத்துகிறார்கள் என்று வேலப்பன் அவர்களைக் கண்டித்தார்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கட்டைச் சோதிக்க வந்தது. கட்டை யாரும் தொடவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொருவராக வந்து ஓரத்தை விரலால் அழுத்தி, யாரும் தொடவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பிறகு பார்வையாளர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் துணைக் கமிட்டி வந்தது. அவர்கள் வாசலில் நின்றால் எண்ண முடியவில்லை. உள்ளே வந்து எண்ணினார்கள். எண்ணும்போது தங்களையும் சேர்ப்பதா விடுவதா என்று தர்க்கம் வந்து, தீர்த்து வைக்க இன்னும் சிலரைக் கூப்பிட்டார்கள். பத்து மணிக்கு நர்சிங் மாணவிகள் வந்து கை கழுவும் நடனம் ஆடினார்கள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் ரிப்பனுக்குப் பின்னால் இருந்ததால் காற்றில் கழுவினார்கள். வீடியோ சரியாக வரவில்லை என்று மறுபடியும் ஆட வைத்தார்கள். இரண்டாம் தடவை சுற்றும்போது ஒரு பெண்ணின் முழங்கை குற்றாலலிங்கத்தின் மூக்கில் பட்டது.

மத்தியானம் பிச்சம்மாள் பார்த்தாள். கட்டின் ஒரு ஓரம் எழும்பியிருந்தது. ஸ்நேகாவைக் கூப்பிட்டாள். ஸ்நேகா தாழ்வாரக் கோடிக்குப் போய்க் கழுவி வந்து, சுத்தமாக எடுத்து, உள்ளே பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று புதிய கட்டுப் போட்டாள். வினீத் நேரே வேலப்பனிடம் போய்ச் சண்டை பிடித்தான். வேலப்பன் அவனை அமைதியாகக் கேட்டாராம், நீர் கமிட்டியில் உறுப்பினரா என்று. இல்லை என்றானாம். பிறகு தொற்றைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று முடித்துவிட்டாராம்.

அன்று சாயங்காலம் விளம்பரப் பிரிவு விபின் ஒரு சந்தோஷச் செய்தியோடு வந்தான். மறுநாள் சாருக்கு ஆதரம். தொற்றில்லாத நோயாளி என்று பாராட்டிப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

"எங்க போத்துவிய?" என்று கேட்டாள் பிச்சம்மாள்.

விபினுக்குக் கேள்வி புரியவில்லை. பொன்னாடையைத் தோளில்தான் போர்த்துவார்கள். உலகம் முழுவதும் அப்படித்தான்.

அந்தப் பொன்னாடையைப் பிச்சம்மாள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு இருப்பது அந்த ஒன்றுதான். விருந்தாளிக்குப் போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், மேடைக்குப் பின்னால் விபின் பணிவோடு திரும்ப வாங்கி மடித்து அடுத்தவருக்குக் கொண்டுபோவான். இரண்டு நாளாக அது சோப்புக் கம்பெனி ஏஜெண்டின் வியர்வையைத் துடைத்தது. ரோட்டரிக்காரர் ஒருவரின் தும்மலைத் தாங்கியது. கண் சிவந்து நீர் வடிந்த பேராசிரியர் ஒருவர் அதன் நுனியால் இரண்டு கண்ணையும் ஒற்றிக்கொண்டதை அவளே பார்த்தாள். இதையெல்லாம் எப்போதாவது துவைத்தது உண்டா என்று விபினிடம் கேட்டாள். துவைத்தால் ஜரிகை மங்கிவிடும் என்றான் அவன், மிகுந்த பொறுப்போடு.

குற்றாலலிங்கம் அன்றிரவு சாப்பிடவில்லை. கண்ணை மூடினால் நடு வகிடு தெரிந்தது.

"கேட்டியளா, நீங்க பேசாம உறங்குங்கோ. நான் பாத்துக்கிடுகேன்" என்றாள் பிச்சம்மாள்.

மறுநாள் காலையில் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கக் கீழே போனாள். அந்தத் தூக்குக்கு மூடிப்பிடி உடைந்து வருஷமாகிறது, சணலால் கட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. திரும்பி வரும்போது ஒரு கையில் காப்பி, இன்னொரு கையில் ஒரு பெரிய கொத்து வேப்பிலை. சணலை அவிழ்த்து, கொத்தைக் கட்டி, அறை வாசல் நிலையில் மாட்டினாள். பிறகு உள்ளே வந்து காப்பியை ஆற்றிக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு ஊர்வலம் வந்தது. முன்னால் விபின் தாம்பாளத்தில் பொன்னாடையோடு. பின்னால் வேலப்பன், கமிட்டி, துணைக் கமிட்டி, போட்டோக்காரர். வாசலுக்குப் பத்தடி தூரத்தில் விபின் வேப்பிலையைப் பார்த்தான். நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் மோதினார்கள். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் உள்ளே அம்மை போட்டிருக்கிறது என்பது நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எம்.டி. படித்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கிருமியை ஒழிக்கப் புறப்பட்ட அத்தனை பேரும் கிருமி இருக்கிற இடம் தெரிந்ததும் திரும்பிய வேகத்தில் தாம்பாளம் உருண்டு படிக்கட்டு வரை போயிற்று. பொன்னாடையை மட்டும் விபின் காப்பாற்றிவிட்டான்.

வினீத் வந்து வேப்பிலையைப் பார்த்தான், குற்றாலலிங்கத்தின் உடம்பைப் பார்த்தான், பிச்சம்மாளைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல மக்களே. கொசுவுக்கு வச்சேன்" என்றாள் அவள்.

வினீத் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான், தொட்டியின் ரிப்பனைக் கத்தரித்தான், முழங்கையால் குழாயைத் தட்டி நிதானமாகக் கை கழுவினான். அந்த வாரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் நடந்த உருப்படியான திறப்பு விழா அது ஒன்றுதான்.

சூப்பிரண்டு அறையில் அவசரக் கூட்டம் நடந்தது. தொற்றுத் தடுப்பு வாரத்தில், அதுவும் மாதிரி அறையில், அம்மை. வெளியே தெரிந்தால் மானம் போகும். போய்ப் பரிசோதித்துவிட்டு வரலாம் என்று ஒருவர் சொன்னார். போவது யார் என்று கேட்டதும் யோசனையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டாக்டர் வினீத் அது அம்மை அல்ல என்று எழுதி அனுப்பியிருக்கிறாரே என்றார் இன்னொருவர். வேலப்பன் எழுந்து நின்று பேசியதை அங்கே டீ கொண்டுபோனவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

"இருக்குன்னா ரிப்போர்ட் செய்யணும். இல்லன்னா உள்ள போய்ப் பாக்கணும். ரெண்டும் நம்மால ஆகாது. அதுனால அந்த அறையே இல்ல."

அரை மணி நேரத்தில் கதவிலிருந்து எண் பலகையைக் கழற்றிவிட்டு 'ஸ்டோர்' என்று ஒரு பலகை மாட்டினார்கள், எட்ட நின்று கையை நீட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு. அதன் பிறகு அந்தப் பக்கம் கமிட்டி வரவில்லை, துணைக் கமிட்டி வரவில்லை, நடனம் வரவில்லை. ஸ்டோருக்கு யார் பார்வையாளராக வருவார்கள். ஸ்நேகாவும் வினீத்தும் மட்டும் வந்தார்கள், கழுவிய கையோடு. டாக்டர் சொன்ன விதிகளெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் ஒரே இடத்தில் ஒழுங்காக நடந்தன. அந்த இடம் இல்லாத இடமாக இருந்தது. சனிக்கிழமை குற்றாலலிங்கம் காய்ச்சல் இல்லாமல், கசிவு இல்லாமல் ஸ்டோரிலிருந்து வீட்டுக்குப் போனார்.

வாரத்தின் நிறைவு விழாவுக்கு அவர் இருக்கவில்லை. இருந்திருந்தால் ஒரு காட்சியைப் பார்த்திருக்கலாம். அழைத்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் அந்தப் பொன்னாடை மாறி மாறிப் போய், பேராசிரியரின் செங்கண் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்பட்டிருந்தது. கமிட்டி முழுவதும் கறுப்புக் கண்ணாடி போட்டு மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே 'தொற்றில்லா வாரம்' என்று பெரிய எழுத்தில் தட்டி. அந்தப் போட்டோ இன்றைக்கும் வரவேற்பறையில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் கானமேளாப் பாட்டுக் கோஷ்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தோள் ஆற வேண்டிய கதியில் ஆறியது. தையல் பிரித்தார்கள். பட்டையைக் கழற்றினார்கள். கையைச் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். கரமனை வீட்டுச் சுவரில் அவர் விரல் ஏறிய உயரமெல்லாம் எண்ணெய்க் கறையாகத் தெரியும். காது மட்டத்தில் போய்க் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் பயம். சட்டைப் பையில் சீப்பு மட்டும் தயாராக இருந்தது. நடு வகிடு அப்படியே தொடர்ந்தது.

மூன்றாம் மாதம் பிச்சம்மாளும் தூக்குப் பாத்திரமுமாகச் சோதனைக்குப் போனபோது வினீத் படம் பார்த்துவிட்டு, மூட்டு அருமையாக இருக்கிறது, கை தாராளமாக மேலே போகும், மனம்தான் போகவிடவில்லை என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விபின் வந்து புருஷன் பெண்டாட்டி இருவரையும் மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஆஸ்பத்திரிக்கு ஏதோ ஒரு விருது வந்திருக்கிறது. அன்றைக்கு நின்றுபோன ஆதரத்தை இன்றைக்கு நடத்திவிட வேண்டும். அம்மை விஷயத்தை எல்லோரும் பெரிய மனதோடு மறந்திருந்தார்கள். அப்படி ஓர் அறையே இருந்ததில்லை அல்லவா.

வேலப்பன் பேசினார். மலையாளத்தில் ஆரம்பித்து, முன்வரிசையில் பிச்சம்மாளைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார்.

"இந்த வருஷம் நம்ம ஆசுபத்திரியில ஒரு தொற்றுகூட இல்ல. எப்படி சாதிச்சோம்னு பலரும் கேக்கிறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல. நாங்க தேடல்ல."

கை தட்டல் அடங்க நேரமாயிற்று. விபின் தாம்பாளத்தோடு வந்தான். அதே பொன்னாடை. ஜரிகை மங்கவில்லை. வேலப்பன் அதை இரண்டு கையாலும் விரித்து, போட்டோக்காரருக்கு வசதியாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, குற்றாலலிங்கத்தின் வலது தோளை நோக்கி வந்தார்.

குற்றாலலிங்கம் பார்த்தார். ஏஜெண்டின் வியர்வை வந்தது. ரோட்டரிக்காரரின் தும்மல் வந்தது. பேராசிரியரின் இரண்டு கண்களும் வந்தன. அவர் எதையும் யோசிக்கவில்லை. வலது கை தானாக எழுந்தது. நெஞ்சைத் தாண்டியது, காதைத் தாண்டியது, தலைக்கு மேலே போய், இறங்கிக்கொண்டிருந்த பொன்னாடையை அந்தரத்தில் பிடித்தது. மண்டபத்தின் பின்வரிசையில் நின்ற வினீத் இரண்டு விசில் அடித்தான். டாக்டர் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. குற்றாலலிங்கம் ஒரு கணம் தன் கையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பொன்னாடையைப் பிரித்து வேலப்பனுக்கே போர்த்திவிட்டார். தனக்கு யாராவது இதைச் செய்ய மாட்டார்களா என்று வேலப்பன் பல வருஷமாகக் காத்திருந்தார் போலிருக்கிறது. நெகிழ்ந்துபோய் பொன்னாடை நுனியால் இரண்டு கண்ணையும் ஒற்றிக்கொண்டார்.

குற்றாலலிங்கம் மேடையிலேயே சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். உயர்ந்த கை இறங்குவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம். இரண்டு வருஷத்து நடு வகிட்டை அழித்து இடது பக்கம் ஒரு கோடு இழுத்தார். முன்னால் ஒரு சுழற்று. ஏதோ பாரம்பரியக் கலை என்று நினைத்துக் கூட்டம் மறுபடியும் கை தட்டியது.

இறங்கி வந்து பிச்சம்மாள் முன்னால் நின்றார். கண் நிறைந்திருந்தது, அவருக்கும் அவளுக்கும்.

"எப்படி இருக்கு?"

பிச்சம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "குருவிக்கூடு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. குனியுங்கோ, சரியாக்கித் தாரேன்" என்று கையைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தினாள். "இரிங்கோ. கை கழுவீட்டு வந்திருகேன்."

மண்டப வாசலில் புதிதாக ஒரு தொட்டி இருந்தது. அடுத்த வாரத்துக்கு யாரோ வருகிறார்களாம். குறுக்கே சிவப்பு ரிப்பன். தண்ணீர் ஓடும் சத்தம் உள்ளே வரை கேட்டது. அவள் திரும்பி வந்தபோது கை ஈரமாக இருந்தது. தூக்குப் பாத்திரத்தின் மூடியில் பழைய சணலுக்குப் பதில் நல்ல சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.